இரவல் வாங்கிய விபரம்

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு மாலை, காலிமுகத்திடலில் கச்சான் வாங்கினேன். சரையில் இருந்த கடைசிக் கச்சானையும் எடுத்த பிறகு, வழக்கம் போலத் தாளை விரித்துப் பார்த்தேன். அது முச்சக்கரவண்டி ஒன்றைத் தவணைக்கு எடுப்பதற்காக யாரோ நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தின் பாதி. பெயர், வீட்டு இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், மாத வருமானம், பிணை நின்றவரின் தொலைபேசி இலக்கம், அடியில் நீல மையில் கையொப்பம். எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

கச்சான் விற்றவரில் ஒரு பிழையும் இல்லை. பழைய தாளைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார், சுருட்டுகிறார். அந்த விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்த நிறுவனம்தான் அதைக் கழிவுத் தாளாகத் தூக்கிப் போட்டிருக்கிறது. விண்ணப்பித்தவருக்கு இது தெரிய வழியே இல்லை. தன் வருமானம் கடற்கரையில் கைமாறுகிறது என்று அவர் எப்படி நினைப்பார்?

நான் புறக்கோட்டையில் சில கடைகளுக்குக் கணினியில் கணக்குப் பார்க்கிறேன். வாடிக்கையாளர் விபரங்களை எப்படி வைத்திருப்பது என்று முதலாளிமார் என்னிடம் கேட்பதுண்டு. பெரும்பாலும் கேட்பதில்லை, நான்தான் சொல்லத் தொடங்குவேன். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். இதை விளங்கிக்கொள்ளச் சட்டமோ கணினியோ தெரிந்திருக்கத் தேவையில்லை. இரவல் என்றால் என்னவென்று தெரிந்தால் போதும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கலியாணத்துக்காக அட்டியல் இரவல் வாங்குகிறோம். எதற்கு என்று சொல்லித்தான் கேட்கிறோம். அட்டியல் கேட்ட இடத்தில் வளையலையும் சேர்த்துக் கேட்பதில்லை. கலியாணத்துக்குக் கட்டிய பின், அதை அடகு வைப்பதில்லை, இன்னொருத்திக்குக் கொடுப்பதுமில்லை. இரவு அலுமாரியில் பூட்டி வைக்கிறோம். அலுவல் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறோம். ஏதாவது ஆகிவிட்டால், முதலில் அவருக்குத்தான் சொல்கிறோம்.

வாடிக்கையாளரின் விபரத்தைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு உலகம் வகுத்திருக்கும் கோட்பாடுகள் இவையேதான். வளர்ந்த நாடுகள் பல சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 1980இல் வெளியிட்ட வழிகாட்டல்களில் இவை எட்டுக் கோட்பாடுகளாக எழுதப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியும், இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்த வழியில் வந்தவை. சொற்கள் மாறும், எண்ணிக்கை கூடும் குறையும். உள்ளே இருப்பது இரவலின் ஒழுக்கம்.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு. அது பெரிய வேறுபாடு. அட்டியல் தொலைந்தால் அலுமாரி வெறுமையாக இருக்கும், கண்ணுக்குத் தெரியும். விபரம் திருட்டுப்போனாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு பிரதி போய்விட்டது என்பது ஒருவருக்கும் தெரியாது. போனதைத் திரும்ப வாங்கவும் முடியாது. ஆகையால் நகைக்குக் காட்டும் கவனத்தைவிடக் கூடுதலான கவனம் இதற்கு வேண்டும். நடைமுறையில் குறைவாகத்தான் காட்டுகிறோம்.

எது தனிப்பட்ட விபரம்?

“எங்களிடம் என்ன பிள்ளை இரகசியம் இருக்கிறது? பெயரும் போன் நம்பரும்தானே?” என்று ஒரு முதலாளி என்னிடம் கேட்டார். அவருடைய கடையில் கடனுக்குப் பொருள் வாங்குபவர்கள் அடையாள அட்டைப் பிரதி கொடுக்க வேண்டும். நான் அந்தக் கோப்பிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, அட்டையின் இலக்கத்தை மட்டும் பார்த்து, “இவர் பெண். பிறந்தது பெப்ரவரி முதலாம் திகதி” என்றேன். அவர் தாளை வாங்கிச் சரிபார்த்தார்.

இதில் வித்தை எதுவும் இல்லை. நம் அடையாள அட்டை இலக்கத்தின் உள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. 12 இலக்கங்கள் கொண்ட புதிய எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம். பழைய எண்ணில் முதல் இரண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள், பிறந்தது அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி 1 பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. காசாளர் மேசையில் நாம் வாய்விட்டுச் சொல்லும் ஓர் எண், வயதையும் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

சரி, அதனால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்க ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி, அந்நாட்டின் 1990ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஒன்றைக் காட்டினார். பிறந்த திகதி, பால், தபால் குறியீடு என்ற மூன்றும் சேர்ந்தாலே அங்குள்ளவர்களில் 87 சதவீதமானோரை இன்னார் என்று தனித்து அடையாளம் காணும் வாய்ப்பு உண்டு என்பதே அது. பெயரே வேண்டாம். “பெயரை அழித்துவிட்டோம், இனிப் பயமில்லை” என்று எந்த நிறுவனமாவது சொன்னால் நான் நம்பத் தயங்குவது இதனால்தான்.

எனவே தனிப்பட்ட விபரம் என்பது இரகசியமான விபரம் என்று பொருள்படாது. ஓர் ஆளை நேராகவோ சுற்றிவளைத்தோ சுட்டிக்காட்டும் எதுவும் தனிப்பட்ட விபரமே. கைத்தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம், குரல் பதிவு, தொடர்மாடி வாசலில் காவலாளி வைத்திருக்கும் கொப்பியில் நாம் எழுதும் நேரம், மருந்துக்கடைத் துண்டு எல்லாம் இதில் அடங்கும். அவற்றுள்ளும் சிலவற்றைச் சட்டம் சிறப்பு வகையாகப் பிரித்து, கூடுதல் காவல் கேட்கிறது. இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், கைரேகை போன்ற உயிரளவைப் பதிவுகள், சிறுவர் பற்றிய விபரங்கள் ஆகியன அந்த வகையில் வரும்.

எதற்காக வாங்கினீர்கள்?

எல்லாக் கோட்பாடுகளிலும் எனக்கு முதன்மையானது இதுதான். ஒரு நோக்கத்துக்காக வாங்கிய விபரத்தை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். பற்றுச்சீட்டு அனுப்ப வாங்கிய இலக்கத்துக்கு விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது நோக்கம் மாறிய பயன்பாடு. பொதி கொண்டுவர வாங்கிய இலக்கத்துக்குப் பொதி கொண்டுவந்த இளைஞன் இரவில் “ஹாய்” என்று செய்தி போடுவதும் அதேதான். கொழும்பில் தனியே தங்கி வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்த இரண்டாவதை விளக்கத் தேவையில்லை.

இதைப் படிக்கும் தமிழர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். வாக்காளர் பட்டியல் எதற்காக எழுதப்படுகிறது? வாக்களிப்பதற்காக. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கைகளில் அந்தப் பட்டியல்கள் இருந்தன. எந்த ஒழுங்கையில் எத்தனையாவது வீடு என்பதை அவர்கள் யாரிடமும் கேட்கத் தேவைப்படவில்லை. உயிர் தப்பியவர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அக்காலத்தைப் பற்றிய நூல்களும் பதிவு செய்திருக்கின்றன. பட்டியலை எழுதிய இலிகிதர் எந்தத் தீங்கையும் நினைத்திருக்க மாட்டார். ஒரு நோக்கத்துக்காகச் சேர்த்த பெயர்கள் இன்னொரு நோக்கத்தின் கையில் சிக்கின. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தப் படிவத்தை நிரப்பும்போதும் ஒரு கணம் பேனாவை நிறுத்துவார்கள். சிறு வயதில் அதை வீண் பயம் என்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

கணினிக் காலத்து உதாரணமும் உண்டு. பேஸ்புக்கில் ஆளுமையைச் சோதிக்கும் வினாவிடைச் செயலி ஒன்றைச் சில இலட்சம் பேர் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய நண்பர்களின் விபரங்களும் அதன் வழியே வெளியேறின. மொத்தம் 8 கோடி 70 இலட்சம் பேர் வரையிலானோரின் விபரங்கள், தேர்தல் பிரசாரத்துக்கு வேலை செய்த கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற நிறுவனத்திடம் முறையற்றுப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று 2018இல் பேஸ்புக் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் அமெரிக்க அரசு அந்நிறுவனத்துக்கு 500 கோடி டொலர் அபராதம் விதித்தது. விளையாட்டாகப் பதில் சொன்ன ஒருவர், தன் நண்பர்களின் விபரத்தையும் சேர்த்து இரவல் கொடுத்துவிட்டார். நண்பர்களை யாரும் கேட்கவில்லை.

நோக்கம் தெளிவாக இருந்தால் அடுத்த கோட்பாடு தானாகவே வந்துவிடும். தேவையான அளவுக்கு மேல் வாங்கக் கூடாது. கேக் கொண்டுவந்து தருவதற்கு முகவரி வேண்டும். பிறந்த வருடம் வேண்டாம். தொடர்மாடி வாசலில் வருபவரின் பெயரும் வீட்டு இலக்கமும் போதும். அடையாள அட்டையை வாங்கி வைத்துப் படம் எடுக்கத் தேவையில்லை. முதலாளிமாரிடம் நான் சொல்லும் காரணம் இன்னும் எளிமையானது. உங்களிடம் இல்லாத விபரத்தை உங்களிடமிருந்து யாரும் திருட முடியாது.

சம்மதம் எந்த மொழியில்?

விபரம் வாங்க ஒரு நியாயம் வேண்டும். வாடிக்கையாளரின் சம்மதம் அவற்றில் ஒன்று. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது, சட்டக் கடமை என்று வேறு நியாயங்களும் உண்டு. ஆனால் சம்மதத்தின் மேல் நிற்பதாக ஒரு நிறுவனம் சொன்னால், அந்தச் சம்மதம் உண்மையானதாக இருக்க வேண்டும். அறிந்து, விரும்பி, தெளிவாகக் கொடுத்திருக்க வேண்டும். முன்கூட்டியே சரி அடையாளம் போட்ட பெட்டி சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. கொடுத்ததைத் திரும்பப் பெறும் வழியும் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் சரி. எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மாவுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். சென்ற வருடம் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் அவருக்கு நான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள். முழுவதும் ஆங்கிலம். கையொப்பமிடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் புள்ளடி இருந்த இடத்தில் எல்லாம் கையொப்பமிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில், அவருடைய நோய் விபரத்தைக் காப்புறுதி நிறுவனங்களோடும் “வணிகப் பங்காளர்களோடும்” பகிர்ந்துகொள்ள இணங்குவதாக ஒரு வரி இருந்தது.

பெரியம்மாவிடம் கேட்டேன்: “இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னார்களா?”

“இல்லை பிள்ளை. டொக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் போடு என்றார்கள், போட்டேன்.”

இதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வாடிக்கையாளரிடம் காசு வாங்கும்போது தமிழில் பேசத் தெரிந்த நிறுவனம், அவரது விபரத்தை என்ன செய்யப்போகிறது என்பதையும் தமிழில் எழுத வேண்டும். அதுவும் வழக்கறிஞர் தமிழில் எழுதினால் பயனில்லை. என்ன வாங்குகிறோம், ஏன், யாருக்குக் கொடுப்போம், எவ்வளவு காலம் வைத்திருப்போம், வேண்டாமென்றால் யாரிடம் சொல்வது. இந்த ஐந்தையும் அரைப் பக்கத்தில் எழுதலாம். நான் ஒரு புடவைக் கடைக்கு எழுதிக் கொடுத்தேன். காசாளர் மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருக்கிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் வாசிக்கிறார்கள்.

பூட்டு

பாதுகாப்பு என்றவுடன் விலை உயர்ந்த மென்பொருளை நினைக்கிறோம். நடப்பது பெரும்பாலும் அலட்சியத்தால். அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து 2017இல் ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் பேரின் விபரங்கள் களவு போயின. அந்நிறுவனம் பயன்படுத்திய மென்பொருளில் ஓட்டை இருப்பது மார்ச் மாதமே வெளிப்பட்டு, அடைக்கும் திருத்தமும் வெளியாகியிருந்தது. அதை உரிய நேரத்தில் போடவில்லை. மே மாதம் திருடர்கள் உள்ளே வந்தார்கள். ஜூலை முடிவில்தான் நிறுவனம் கண்டுபிடித்தது, செப்டம்பரில்தான் மக்களுக்குச் சொன்னது. திருத்தம் இலவசமாகக் கிடைத்தது என்பதை நான் எப்போதும் சேர்த்துச் சொல்வேன்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஓர் இணையக் கடையில் கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகச் சொல்லிப் பாருங்கள். புதிய கடவுச்சொல் வைக்க வழி காட்டினால் நல்லது. உங்கள் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பி வைத்தால் அந்தக் கடையை விட்டு விலகுங்கள். நல்ல நிறுவனம் உங்கள் கடவுச்சொல்லைச் சேமிப்பதே இல்லை. அதை அரைத்து மாவாக்கி, மாவை மட்டும் வைத்திருக்கும். அடுத்த முறை நீங்கள் கொடுப்பதையும் அதே ஆலையில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. அரிசியை அப்படியே திருப்பித் தருகிறார்கள் என்றால், மூட்டையைத் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

சிறிய இடங்களில் பூட்டு இன்னும் எளிமையானது. பம்பலப்பிட்டியில் ஒரு ரியூஷன் ஆசிரியர் இருநூறு மாணவர்களை ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார். இருநூறு பேரின் இலக்கமும் இருநூறு பேருக்கும் தெரிந்தது. சில பெண்பிள்ளைகளுக்குத் தெரியாதவர்களிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரே செய்தியை எல்லோருக்கும் தனித்தனியே அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் அதே செயலியில் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மாற்றிக்கொடுக்கப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் களவு போகலாம். போனால் மறைக்கக் கூடாது. ஐரோப்பிய விதி, ஆபத்துள்ள கசிவை அறிந்த 72 மணித்தியாலத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்லச் சொல்கிறது. இலங்கைச் சட்டத்திலும் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கும் கடமை எழுதப்பட்டிருக்கிறது. நம் சட்டம் 2022 மார்ச் மாதம் நிறைவேறியது. மீறல் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் என்று எழுதினார்கள். அதிகாரசபைக்கான பகுதி 2023இல் உயிர்பெற்றது. மற்ற முக்கியப் பகுதிகளுக்கு 2025 மார்ச் 18 என்று குறித்த நாள் தள்ளிப்போய், அதே வருடம் திருத்தச் சட்டமும் வந்தது. இந்தத் தாமதம் எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் கடைக்காரருக்கு நான் சொல்வது, வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதே. இரவல் நகையைத் திருப்பிக் கொடுக்க யாரும் சட்டத்தைக் கேட்பதில்லை.

வாடிக்கையாளர் பக்கத்திலும் சொல்ல வேண்டியது உண்டு. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதும், பிழையைத் திருத்தச் சொல்வதும், தேவை முடிந்ததை அழிக்கச் சொல்வதும், கணினி மட்டும் பார்த்து “கடன் இல்லை” என்று முடிவெடுத்திருந்தால் அதை மீளாய்வு செய்யக் கேட்பதும் சட்டம் வகுத்திருக்கும் உரிமைகள். பிழை திருத்தம் தமிழருக்கு மிகவும் வேண்டியது. ஒரே ஆளின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டு, மூன்று பேராகக் கணினியில் உலவுவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஒருவர் கட்டிய தவணை இன்னொரு எழுத்துக்கூட்டலில் உள்ள அவரது கணக்கிலேயே சேராமல் நிற்கும்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

கடைசியாக, எவரும் விரும்பிச் செய்யாத கோட்பாடு. தேவை முடிந்தால் அழித்துவிட வேண்டும். சில பதிவுகளை வரிக்காகவும் வேறு சட்டங்களுக்காகவும் குறித்த காலம் வைத்திருக்க வேண்டியிருக்கும். அதற்கு அப்பால் “இருக்கட்டும், எப்போதாவது உதவும்” என்று வைத்திருப்பதெல்லாம் காலிமுகத்திடலுக்குப் போகக் காத்திருக்கும் தாள்கள்.

அந்தச் சரைத் தாளைக் கொண்டுபோய், அடையாள அட்டை இலக்கத்தை வைத்து நான் சொன்னதைச் சரிபார்த்த அதே முதலாளியிடம் காட்டினேன். அவர் அதிகம் பேசவில்லை. கடையின் பின்புறம் கூட்டிப்போய், தட்டில் அடுக்கியிருந்த கோப்புகளைக் காட்டினார். 2006 முதல் கடன் வாங்கியவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள். கடன் நிலுவையில் உள்ளவர்களுடையதையும் கணக்காளர் வைக்கச் சொன்னவற்றையும் வேறாக எடுத்து வைத்தோம். மிஞ்சியவை மூன்று பெட்டி.

தாள் அரைக்கும் இயந்திரம் அவரிடம் இல்லை. கடைப் பையன் இரண்டு பெரிய வாளிகளில் தண்ணீர் கொண்டுவந்தான். கிழித்துக் கிழித்துப் போட்டோம். ஒரு பிரதியை எடுத்த முதலாளி அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஐயா ஆமர் வீதியில் தேநீர்க் கடை வைத்திருந்தவர். செத்து ஐந்தாறு வருடம். கடனைக் கடைசிச் சதம் வரைக்கும் கட்டினவர்.”

பிறகு அதை நாலாகக் கிழித்து வாளியில் போட்டு, பையனின் கையிலிருந்த தடியை வாங்கித் தானே கிண்டினார். மறுநாள் காலை நான் போனபோது வாளியில் சாம்பல் நிறக் கூழ் மட்டும் இருந்தது.